ஸ்டீல் பிளான்ட்ட காப்பாத்த அரசு பணம் குடுக்கலாமா? முடிவு பண்றதுக்கு முன்னாடி எத எத பாக்கணும்

நஷ்டத்துல ஓடுற ஸ்டீல் கம்பெனிக்கு அரசு இத்தன ஆயிரம் கோடி குடுக்குதுன்னு நியூஸ் வந்தா போதும், ஒரு பக்கம் "வரிப்பணத்த ஏன் கொட்றீங்க, வித்துருங்க"ன்னு ஆரம்பிப்பாங்க, இன்னொரு பக்கம் "பொதுத்துறை மேல கை வைக்காதே"ம்பாங்க. நஷ்டம் எங்கேருந்து வருதுன்னு ரெண்டு பக்கமும் பாக்குறதே இல்ல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். எப்படி பாக்குறதுன்னு விசாகப்பட்டினம் பிளான்ட்ட வச்சே சொல்றேன். நம்மூர்ல வீடு கட்றவங்க வைசாக் கம்பின்னு கேட்டு வாங்குவாங்கல்ல, அத செய்ற மத்திய அரசு கம்பெனி ஆர்ஐஎன்எல் தான். 2021 ஜனவரில இத 100% வித்துடலாம்னு மத்திய அமைச்சரவை முடிவெடுத்துச்சு, நாலு வருஷம் கழிச்சு 2025 ஜனவரில அதே கம்பெனிக்கு 11,440 கோடி ரூபாய் பேக்கேஜ் குடுத்துச்சு.

முதல்ல ஒரு வருஷ நஷ்டத்த மட்டும் பாத்து பயப்படாதீங்க, குறைஞ்சது அஞ்சாறு வருஷ கணக்க எடுத்து வைங்க. ஸ்டீல் விலை ஏறி இறங்குற சரக்கு. இன்னொரு மத்திய அரசு ஸ்டீல் கம்பெனியான செயில் 1999-2000ல 1,720 கோடி நஷ்டத்துல இருந்துச்சு, அரசு கடன சீரமைச்சு குடுத்துச்சு, சைனா டிமாண்ட்ல உலகம் பூரா விலை ஏறுனதும் 2003-04ல 2,512 கோடி லாபம். அன்னைக்கு மூடியிருந்தா அது வந்திருக்காது. வைசாக்கும் அப்படித்தான், 2021-22ல லாபம் காட்டுச்சு, 2023-24ல 4,800 கோடிக்கு மேல நஷ்டம்.

ஆனா விலை ஏறுனா சரியாப் போற நஷ்டம் வேற, விலை ஏறுனாலும் போகாத நஷ்டம் வேற. இத பிரிக்கிறதுதான் முக்கியமான வேலை. டாடா ஸ்டீலுக்கும் செயிலுக்கும் சொந்த இரும்புத் தாது சுரங்கம் இருக்கு, வைசாக்குக்கு கிடையாது, சத்தீஸ்கர் பைலாடிலா சுரங்கத்துலேருந்து அரசு சுரங்கக் கம்பெனி என்எம்டிசி விக்கிற விலைக்கு வாங்கி ரயில்ல கொண்டு வரணும். நீங்களே ஒரு கணக்கு போட்டு பாருங்க: ஒரு டன் ஸ்டீலுக்கு சுமாரா 1.6 டன் தாது வேணும், சொந்த சுரங்கம் வச்சிருக்கவன விட தாது டன்னுக்கு 1,000 ரூபா கூட குடுக்குறாங்கன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க, ஸ்டீல் டன்னுக்கு 1,600 ரூபா ஆச்சு, பிளான்ட்டோட முழு கெபாசிட்டி 73 லட்சம் டன், அப்ப வருஷத்துக்கு 1,168 கோடி. அங்க வேலை செய்றவங்க எவ்வளவு உழைச்சாலும் இந்தப் பணம் வெளிய போயிட்டேதான் இருக்கும்.

அடுத்து, குடுக்குற பணம் எதுக்குப் போகுதுன்னு பாருங்க. 11,440 கோடில 10,300 கோடி பங்கு மூலதனம், 1,140 கோடி அன்றாட செலவுக்கு ஏற்கனவே குடுத்த நடைமுறை மூலதனக் கடன பங்கா மாத்துறது. இது தேவை இல்லன்னு நான் சொல்லல, கைல காசு இல்லாம கரி வாங்க முடியாம 2024ல ஒரு கட்டத்துல, தாதுவ உருக்கி இரும்பு எடுக்குற மூணு பிளாஸ்ட் ஃபர்னஸ்ல ஒண்ணுதான் ஓடுச்சு, ஒண்ணு ஓடுனாலும் வட்டி அதே வட்டிதான், அப்ப டன்னுக்கு செலவு எங்க போகும்? ஆனா இதுல தாதுக்கு ஒரு வழியும் இல்ல. என் கருத்து: வைசாக்க காப்பாத்தணும், அறுபதுக்கு மேல கிராமங்க நிலம் குடுத்திருக்கு, இந்த பிளான்ட் வேணும்னு நடந்த 1966 போராட்டத்துல 32 பேர் உயிர் போயிருக்கு, ஆனா சுரங்கம் குடுக்காம பணம் மட்டும் குடுத்தா பாதி வேலைதான்.

மூடுனா என்ன ஆகும்னும் கணக்குப் பாருங்க. பிளாஸ்ட் ஃபர்னஸ நினைச்சா ஆஃப் பண்ணி நினைச்சா ஆன் பண்ண முடியாது, உள்ள உருகின இரும்பு இறுகிப் போச்சுன்னா அத வெட்டி எடுத்து திரும்ப ஓட வைக்கிறது பெரிய செலவு, சில சமயம் முடியாமலே போயிடும். பிரிட்டன்ல ஸ்கன்தார்ப் பிளான்ட்ட வச்சிருந்த சீன கம்பெனி ஜிங்யே கரியும் தாதுவும் வாங்குறத நிறுத்தப் போகுதுன்னதும் 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, பார்லிமென்ட்ட கூட்டி, பிளான்ட் நிக்காம ஓட அரசே கட்டுப்பாட்ட எடுத்துக்கலாம்னு ஒரே நாள்ல சட்டம் போட்டாங்க, ஏன்னா நாட்டுல மிச்சம் இருந்ததே அந்த ரெண்டு ஃபர்னஸ்தான்.

யாருக்கு வேலை மிஞ்சுதுன்னும் கேளுங்க, பேக்கேஜ் வந்தா ஆளுங்க தப்பிச்சாங்கன்னு அர்த்தம் இல்ல. பிரிட்டன்ல போர்ட் டால்பட்ங்கிற ஊர்ல பிளான்ட் வச்சிருக்க டாடாவுக்கு பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்ட் குடுக்குது, ஆனா அது பழைய இரும்ப உருக்குற எலக்ட்ரிக் ஃபர்னஸுக்கு, அதுக்கு ஆள் கம்மியாத்தான் வேணும், 2024 செப்டம்பர் 30ல கடைசி பிளாஸ்ட் ஃபர்னஸ மூடிட்டாங்க, ஆயிரக்கணக்குல வேலை போச்சு. வைசாக்லயும் பேக்கேஜுக்கு அப்புறம்தான் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள நிறுத்துனாங்க, அவங்க ரோட்டுல உக்காந்து போராடுனாங்க.

இறக்குமதி வரி போட்டா போதும்னு யாராவது சொன்னா எந்த சரக்குக்குன்னு திருப்பிக் கேளுங்க. 2025 ஏப்ரல்ல இந்தியா போட்ட 12% பாதுகாப்பு வரி தகடு, காயில் மாதிரி ஃபிளாட் ஸ்டீலுக்கு. வைசாக் செய்றது கம்பி, வயர் ராடு, ஆங்கிள், அதுக்கு இந்த வரியால நேரடியா ஒரு பிரயோஜனமும் இல்ல, அதோட போட்டி பெரும்பாலும் கரண்ட்ல இரும்ப உருக்குற உள்ளூர் இன்டக்‌ஷன் ஃபர்னஸ்காரங்களோட. அந்த வரி பாரம் அம்பத்தூர்ல தகடு வாங்கி ஸ்டாம்பிங் பண்ற சின்ன பட்டறைங்க தலைலயும் விழும்.

இதெல்லாம் எங்க தேடுறதுன்னா, லோக்சபா சைட்ல ஸ்டீல் அமைச்சகத்தோட கேள்வி பதில்கள்ல ஆர்ஐஎன்எல்னு போட்டுப் பாருங்க, கம்பெனி ஆண்டறிக்கையும் இருக்கு. அதுல வட்டிச் செலவையும் மூலப்பொருள் செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக்கோங்க. வட்டி மட்டும் குறைஞ்சு, சொந்த சுரங்கமும் இல்லாம தாது செலவு அப்படியே நின்னுச்சுன்னா, அடுத்த தடவ விலை இறங்கும்போது இன்னொரு பேக்கேஜ் கேட்டு டெல்லிக்குப் போவாங்க.