பனியன் துணியை வெட்டி அளவியல் நடத்துவது எப்படி

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. 11 வருடத்துக்கு முன் திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்தேன். பனியன் கம்பெனியை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் 'நேரம் மற்றும் வேலை' நடத்தும்போது, பிள்ளைகளுக்குப் பழகிய விஷயமாக இருக்கட்டுமே என்று நானாக ஒரு கணக்கு எழுதிப் போட்டேன். ஒரு டெய்லர் ஒரு நாளில் 20 டி-ஷர்ட் தைப்பார், 100 டி-ஷர்ட்டை 5 டெய்லர்கள் எத்தனை நாளில் தைப்பார்கள்? பின் பெஞ்சில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். "மிஸ், முழு பீஸையும் ஒருத்தரே தைக்க மாட்டாங்க. எங்கம்மா கை மட்டும்தான் வைப்பாங்க."

அன்று கரும்பலகையை அழித்துவிட்டு அவளையே சொல்லச் சொன்னேன். பாடத்தைப் பிள்ளைகளின் வருங்கால வேலையோடு சேர்த்து நடத்த விரும்புகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பான வேலைக் கணக்கு போட்டால் பிள்ளைகள் பாடத்தையும் நம்ப மாட்டார்கள்.

அவள் சொன்னதை வைத்து மறுநாள் எழுதிய கணக்கு இது. தோள் இணைக்க 20 விநாடி, கழுத்துப் பட்டை (ரிப்) வைக்க 40, சைடு மூட்ட 45, கை வைக்க 60. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். மணிக்கு எத்தனை பீஸ் வெளியே வரும்? பாதிப் பேர் நான்கையும் கூட்டி வகுத்தார்கள். விடை 60 பீஸ்தான், ஏனென்றால் கை வைக்கிற இடத்தில் எல்லாம் தேங்கி நிற்கும். தோள் இணைக்க இன்னொரு ஆள் போட்டாலும் ஒரு பீஸ்கூடக் கூடாது. கை வைக்க இன்னொருவரைப் போட்டால், அடுத்த தேக்கம் சைடு மூட்டுகிற இடத்துக்கு நகர்ந்து மணிக்கு 80 ஆகும். வகுப்பில் அன்றைக்கு நடந்த சண்டையை நான் அதுவரை கணக்குப் பீரியடில் பார்த்ததில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய நேரம் கிடையாது. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு பொருள், அதுவும் பாடத்தின் தொடக்கத்தில். பாடம் முடிந்தபின் "இது இங்கே பயன்படும்" என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது, மணி அடித்துவிடும்.

பத்தாம் வகுப்பில் எனக்கு நன்றாகக் கைகொடுப்பது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. கம்பெனிகளில் வட்டமாகத் துணி வெட்டும் கட்டர் ஒன்று வைத்திருப்பார்கள். வெட்டிய துண்டை எடை போட்டு 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். ஏன் 100? அதை நான் சொல்வதில்லை, கேட்கிறேன். ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ. அப்படியானால் வட்டத்தின் பரப்பு 100 சதுர செ.மீ. இருக்க வேண்டும். ஆரம் எவ்வளவு? πr² = 100 என்று அவர்களே போட்டு 5.64 செ.மீ. என்று கொண்டுவருவார்கள்.

கட்டர் வாங்கத் தேவையில்லை. தடித்த அட்டையில் 5.64 ஆரத்துக்கு ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். பழைய பனியனை மேசையில் இழுக்காமல் விரித்து, அட்டையைச் சுற்றிப் பேனாவால் வரைந்து வெட்டச் சொல்லுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும், சமையலறைத் தராசு இதற்கு உதவாது. துண்டு 1.6 கிராம் இருந்தால் 160 ஜிஎஸ்எம்.

ஒரே பனியனிலிருந்து பத்துப் பேர் வெட்டினால் பத்து எடை வரும். ஒருவன் துணியை இழுத்திருப்பான், ஒருத்தி கோட்டுக்கு வெளியே வெட்டியிருப்பாள். அந்தப் பத்து எண்களை அப்படியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலில் திட்ட விலக்கம் வரும்போது புத்தக எண்களுக்குப் பதில் இவற்றைப் போடலாம். யாருடைய கத்தரி மோசம் என்று பெயரோடு தெரிவதால் ஒருவரும் தூங்குவதில்லை.

பிறகு காசுக்கு வாருங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும்? உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கு 8, மொத்தம் 100. பாதி மார்பளவு 52, தையலுக்கு 3, ஆக 55. முன்னும் பின்னும் சேர்த்து 110. பெருக்கினால் 11,000 சதுர செ.மீ., அதாவது 1.1 சதுர மீட்டர். 160 ஜிஎஸ்எம் என்றால் ஒரு டி-ஷர்ட்டுக்கு 176 கிராம் துணி. துணி 170-ஆக வந்துவிட்டால் 187 கிராம். வெறும் 11 கிராம்தானே என்பார்கள். 5,000 பீஸ் ஆர்டருக்குப் பெருக்கச் சொல்லுங்கள், 55 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 22,000 ரூபாய், கட்டிங் வேஸ்ட்டைச் சேர்க்காமலே.

இதை நான் பெருமையாகச் செய்துகொண்டிருந்தபோதுதான் ஒரு அம்மா பள்ளிக்கு வந்தார். தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறவர். "நாங்கதான் இதுல கெடந்து சாகுறோம். என் புள்ளையையும் அதே கம்பெனிக்குத் தயார் பண்றீங்களா மிஸ்?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது சரிதான். உள்ளூர்த் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவருகிறேன் என்று, பெற்றோர் உட்கார்ந்த அதே நாற்காலியைத்தான் பிள்ளைக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு கணக்குக்குக் கீழேயும் ஒரு கேள்வி சேர்க்கிறேன்: இந்தக் கணக்கை யார் யார் போடுகிறார்கள்? ஜிஎஸ்எம்மை எடுத்துக்கொண்டால், துணியைச் சோதிக்கும் லேப் ஆள், வெளிநாட்டு பையருக்கு விலை எழுதும் மெர்ச்சண்டைசர், துணி பின்னும் நிட்டிங் மிஷினில் கண்ணியின் (லூப்) நீளத்தை மாற்றுகிற மாஸ்டர், டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்த இன்ஜினியர். கோவையில் 1956-ல் தொடங்கிய சிட்ரா மாதிரி ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவரும் துணியின் எடையைப் பார்க்கிறார். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் வழியாகப் போகலாம், பன்னிரண்டாவது முடித்து பி.டெக். போகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன். தனியாக 'வழிகாட்டி வகுப்பு' வைத்துச் சொன்னதைவிட இது நினைவில் நிற்கிறது. அப்புறம், அதே திட்ட விலக்கத்தை ரத்தப் பரிசோதனை லேபிலும் போடுகிறார்கள் என்று ஒரு வரி. வகுப்பில் எல்லோருக்கும் பனியன் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அறிவியல் டீச்சரைக் கூட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. 10 கிலோ துணிக்குச் சாயம் போட, ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் வீதம் 80 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 4.8 கிலோ. விகிதக் கணக்கு அங்கே முடிந்துவிடும். அந்த உப்பு எங்கே போகும் என்று அவர் கேட்பார். நொய்யல் ஆறு, அதில் சாயக் கழிவுநீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, உப்பை நீரிலிருந்து பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை என்று அவருடைய பீரியட் போய்விடும். சுத்திகரிப்பு நிலையத்திலும் வேலை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிந்தது.

யாரையாவது வகுப்புக்கு அழைத்தால் பேசச் சொல்லாதீர்கள். பேசச் சொன்னால் "நல்லாப் படிங்க" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நேற்று போட்ட கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். எங்கள் பழைய மாணவி ஒருத்தி, இப்போது மெர்ச்சண்டைசர், ஒரு டி-ஷர்ட்டின் விலைக் கணக்கை எழுதிக் காட்டினாள். ரூபாயை டாலராக மாற்றும் இடத்தில் பசங்க முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெற்றோரின் சம்பளத்தை வகுப்பில் கேட்கக் கூடாது, வீட்டுப்பாடமாகவும் கூடாது. பீஸ் ரேட் கணக்கு வேண்டுமென்றால் நாமே ஒரு ரேட் வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு அழைத்துப்போவதானால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டு வருவதோடு சரி. எந்த மிஷினிலும் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

பாடத்துக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வட்டத்தின் தொடுகோட்டுக்கு ஒதுக்கிய பக்கம் இரண்டு வருடமாகக் காலியாகவே இருக்கிறது. எதையாவது இழுத்து ஒட்டவைத்தால் பின் பெஞ்சில் சிரிப்பார்கள், அதனால் அதைப் புத்தகத்தில் உள்ளபடியே நடத்துகிறேன். கட்டிங் மாஸ்டர் யாராவது இதைப் படித்தால், தொடுகோடு உங்களுக்கு எங்கேயாவது உதவுகிறதா என்று சொல்லுங்கள்.