சூடானதும் திணறும் ஏர்கூல்டு எஞ்சின்: காயிலுக்கு வரும் வோல்டேஜைப் பாருங்கள்

காலையில் ஒரே உதையில் பிடிக்கும் பழைய வண்டி, எஞ்சின் கொதித்ததும் மிஸ்ஸாகிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். சூட்டில் காயிலின் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில்) செம்புச் சுருளுக்கு மின்தடை ஏறும், கரண்ட் குறையும். பழைய வயரிங்கும் வோல்டேஜைத் தின்றால் ஸ்பார்க் நோஞ்சானாகிவிடும்.

சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யுங்கள். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஓடக்கூடாது. சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை காயில் பாசிட்டிவில். பாயிண்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு இணைக்கும் தொடுமுனை) மூடியிருப்பது முக்கியம். திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, கெட்ட வயரும் நல்லதாகவே தெரியும். சந்தேகமிருந்தால் காயில் நெகட்டிவை ஒரு வயரால் பாடியில் எர்த் செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், இல்லையேல் காயில் வெந்துபோகும்.

மீட்டர் காட்டுவது பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே தொலையும் வோல்டேஜ். 12 வோல்ட் வண்டியில் அது 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. கூடினால் கறுப்பு முனையை ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், கனெக்டர் என்று நகர்த்துங்கள். அளவு எங்கே சட்டென ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் தேய்ந்த சுவிட்ச்தான். ஃபியூஸோடு ஒரு ரிலே (சிறு கரண்டால் இயங்கி, பேட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) போட்டால் தீரும். பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்தடை) உள்ள வண்டியில் காயிலில் வோல்டேஜ் குறைவது இயல்பு, அதை பைபாஸ் செய்யாதீர்கள்.

வோல்டேஜ் சரியென்றால் கண்டென்சரை (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் பாகம்) மாற்றிப் பாருங்கள், பிறகு டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம். பாயிண்டில் கேமை உரசும் பகுதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங் பின்தங்கும். சிலிண்டர் ஹெட் தேவையில்லாமல் சூடேறும்.