மாதாமாதம் வர வேண்டியதில்லை: கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் போடும் முறை

கருத்தடை மாத்திரை போடும் பெண்ணுக்கு அட்டை முடிந்த வாரத்தில் வருவது உண்மையான மாதவிடாய் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்வரை கருமுட்டை வெளிவருவதில்லை, கருப்பையின் உட்சவ்வும் தடித்து வளர்வதில்லை. மாத்திரையை நிறுத்தியதும் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குகிறது, மெலிந்த அந்தச் சவ்வு உதிர்கிறது. அவ்வளவுதான். நிறுத்தவில்லை என்றால் உதிரவும் உதிராது.

நான் மகப்பேறு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்) இருப்பதால் டாக்டர் சொல்லி நானும் இடைவெளி விடாமல்தான் மாத்திரை போட்டு வருகிறேன். நைட் டூட்டியில் வலியோடு நிற்பது எனக்கு நின்றது இதனால்தான். வார்டில் இதைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி: "சிஸ்டர், கெட்ட ரத்தம் உள்ளேயே கட்டிக்காதா?" கட்டாது. சேர்ந்திருந்தால்தானே கட்டுவதற்கு? அங்கே வெளியேற வேண்டியது எதுவும் சேரவில்லை. 21 மாத்திரைக்குப் பிறகு வழக்கமாக விடும் 7 நாள் இடைவெளியால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை என்று பிரிட்டனின் பாலியல், இனப்பெருக்க நல மருத்துவ அமைப்பு 2019-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 84 நாள் தொடர்ந்து போட்டு, வருடத்துக்கு நான்கே முறை இரத்தப்போக்கு வரும்படி அமைந்த சீசனேல் என்ற மாத்திரைக்கு 2003-லேயே அனுமதி கொடுத்தார்கள்.

ஆனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் வராமல் இருப்பதில் ஆபத்து இல்லை. இந்த மாத்திரை சேராத உடம்பில் அதைப் போடுவதில்தான் ஆபத்து. இரத்த அழுத்தம் உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் அல்லது கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், 35 வயது தாண்டியும் புகைபிடிப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது. ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் மின்னல் கோடு தெரியும் பெண்களுக்கும் இது ஆகாது. பலர் இதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து சொல்லுங்கள். குழந்தை பிறந்து 6 மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்களும் வேறு முறை கேளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் போன்றவையோ சாப்பிட்டால் கருத்தடையின் பலன் குறைந்துவிடும். காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் ஸ்கேன் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். பி.பி. பார்க்காமல் யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது ஒரு நிமிட வேலை.

அடுத்து, எந்த மாத்திரை? எல்லா மாத்திரையிலும் ஹார்மோன் ஒரே அளவில் இருக்கும் வகைதான் இதற்குச் சரி. அட்டைக்குள்ளேயே அளவு மாறிக்கொண்டே போகும் வகை ஒத்துவராது. மாலா-டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், மருந்துக்கடையில் வாங்கும் ஓவ்ரல்-எல் மூன்றும் ஒரே அளவு வகைதான். மாலா அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21-ல்தான் ஹார்மோன். நிறம் வேறாக இருக்கும் கடைசி 7-ம் இரும்புச்சத்து மட்டுமே. இடைவெளி விடாமல் போட வேண்டுமென்றால் 21 முடிந்த மறுநாளே புது அட்டையைத் தொடங்க வேண்டும், அந்த 7-ஐ எடுத்து வைத்துவிடலாம். இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தை டாக்டர் சொல்லும் அளவில் தனியாகச் சாப்பிடுங்கள். இப்படிப் போட்டால் வருடத்துக்கு 13 அட்டை போதாது, 17, 18 ஆகும். இலவசமாக வாங்குபவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் விவரம் சொல்லி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை போடும் சஹேலியை இப்படிப் பயன்படுத்த முடியாது, அது ஹார்மோனே இல்லாத வேறு மருந்து. கல்யாணம், கோயில், திருவிழா என்று நாள் தள்ளிப்போட வாங்கும் நாரெத்திஸ்டிரோன் மாத்திரையும் வேறு. அதைத் தள்ளிப்போடுவதற்காகச் சில நாள் போட்டுவிட்டு, கருத்தடையும் ஆயிற்று என்று நம்பிவிட வேண்டாம்.

மாதவிடாய் வந்த 5 நாளுக்குள் முதல் மாத்திரையைப் போட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு. பிறகு இரண்டு வழி. மூன்று அட்டையைத் தொடர்ந்து போட்டுவிட்டு ஒரு இடைவெளி விடுவது ஒன்று. கறை படும்வரை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவந்தது, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அட்டையின் பின்புறம் ஆரம்பித்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுவேன். ஷிஃப்ட் மாறினாலும் மாத்திரை நேரம் மாறக்கூடாது என்பதால் இரவு ஒன்பது மணிக்கு போனில் அலாரம், டூட்டி பையில் எப்போதும் ஒரு அட்டை.

முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகக் கறை படும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், போகப் போகக் குறையும். குறைந்தது 21 மாத்திரை தொடர்ந்து போட்டிருந்து, கறை மூன்று நான்கு நாளாக நிற்கவில்லை என்றால், 4 நாள் மாத்திரையை நிறுத்துங்கள். ஐந்தாம் நாள், இரத்தம் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். இடைவெளி எக்காரணம் கொண்டும் 7 நாளைத் தாண்டக்கூடாது. நாள் கூடக்கூட சினைப்பையில் முட்டை விழித்துக்கொள்ளும், கர்ப்பம் தரிப்பது பெரும்பாலும் இடைவெளி நீண்டுபோகும்போதுதான். மாத்திரை போட்டும் கறை மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ, உடலுறவுக்குப் பிறகு இரத்தம் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

ஒரு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் கடைசியாக விட்டதை மட்டும் போட்டுத் தொடருங்கள், 7 நாளுக்கு ஆணுறையும் சேர வேண்டும். போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள். பால்வினை நோய்களிலிருந்து மாத்திரை காப்பாற்றாது, அதற்கு ஆணுறைதான்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், இதுவரை இல்லாத கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ பேச்சுக் குழறலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

வீட்டில் மாமியாரோ நாத்தனாரோ "இன்னும் தலைக்குக் குளிக்கலையா?" என்று கேட்பார்கள். யாருக்குச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். உங்களுக்கே சந்தேகம் வந்தால் ஒரு கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள், மாத்திரை சாப்பிடுவதால் அதன் முடிவு மாறாது.

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும் மாத்திரையை நிறுத்தினால் போதும், எத்தனை நாள் தொடர்ந்து போட்டிருந்தாலும் கருப்பை கெட்டுப்போகாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாதவிடாய் பழையபடி வந்துவிடும். நிறுத்தும்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஆரம்பித்துவிடுங்கள்.