போனில் இடம் இல்லையா? போட்டோவை அழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று போன் கத்த ஆரம்பித்ததும் நம்மில் பலர் முதலில் கை வைப்பது கேலரியில்தான். மனசே இல்லாமல் பிள்ளைகளின் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழிப்பார்கள். ஆப் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேலரிக்குக் கடைசியில் போங்கள். யாரும் கேட்காமலே வந்து குவிந்ததை முதலில் வெளியேற்றுவோம்.

இங்கே சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டு போனுக்கு. மெனுவின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

படி 1: எது அடைக்கிறது என்று பாருங்கள்

செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறங்கள். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் இடத்தில் 'ஸ்டோரேஜ்' என்று தட்டுங்கள். வீடியோ, போட்டோ, ஆப், சிஸ்டம் என்று பிரித்துக் காட்டும். சிஸ்டத்தில் நாம் செய்ய ஒன்றுமில்லை. 128 ஜிபி போனில் முழு 128 கிடைக்காததற்கும் அதுதான் காரணம், கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

படி 2: வாட்ஸ்அப்

பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி இதுதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேல் உள்ளவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று மேலேயே தனித்தனியாக எடுத்து வைத்திருக்கும். பலமுறை ஃபார்வர்டு ஆனதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். காலை வணக்கப் பூக்களும் மருத்துவக் குறிப்பு வீடியோக்களும்தான் அதில் இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு சாட்டும் எவ்வளவு தின்கிறது என்று வரிசை கட்டி நிற்கும். சொந்தக்காரர்கள் குரூப் முதலிடத்தில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அழித்தால் மட்டும் போதாது, வரவையும் நிறுத்த வேண்டும். அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' இருக்கும். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோ, டாக்குமெண்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். வேண்டியதை நீங்களே தொட்டு இறக்கிக்கொள்ளலாம்.

'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. படங்கள் கேலரியில் தெரியாது, அவ்வளவுதான். போனில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு மூலை பாக்கி. கேலரியிலிருந்து ஒரு வீடியோவை யாருக்காவது அனுப்பினால் வாட்ஸ்அப் தனக்கென்று ஒரு நகலை வைத்துக்கொள்ளும். ஃபைல்ஸ் ஆப்பில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வீடியோ என்று உள்ளே உள்ளே போனால் 'சென்ட்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அசல் கேலரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகலை அழியுங்கள். வாட்ஸ்அப் கேமராவிலேயே எடுத்து அனுப்பியதற்கு வேறு அசல் இல்லாமலும் இருக்கலாம், அங்கே மட்டும் நிதானம்.

படி 3: கேஷ் வேறு, டேட்டா வேறு

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, அளவு வாரியாக அடுக்கி, பெரிய ஆப் ஒன்றைத் தொடுங்கள். அதன் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பட்டன் இருக்கும்: 'கிளியர் கேஷ்', 'கிளியர் ஸ்டோரேஜ்'. இரண்டாவது சில போன்களில் 'கிளியர் டேட்டா' என்று இருக்கும்.

கேஷ் என்பது ஒருமுறை இறக்கிய படத்தை மறுபடி இறக்காமல் இருக்க நாங்கள் ஒதுக்கி வைப்பது. அழித்தால் எதுவும் போகாது. அடுத்த முறை ஆப் திறக்கக் கொஞ்சம் மெதுவாகும், டேட்டாவும் கொஞ்சம் செலவாகும். இடம் மிகவும் குறைந்தால் ஆண்ட்ராய்டே அதை எடுத்து வீசிவிடும். அதனால் தினமும் கேஷ் அழிப்பது வீண் வேலை. ஜிபி கணக்கில் வீங்கியிருக்கும் ஆப்புக்கு மட்டும் செய்தால் போதும்.

கிளியர் ஸ்டோரேஜ் அப்படியல்ல. ஆப்பைப் புதிதாகப் போட்ட நிலைக்குக் கொண்டுபோய்விடும். லாகின் போகும், ஆஃப்லைனில் சேமித்த பாட்டு போகும், யுபிஐ ஆப் என்றால் சிம்மைச் சரிபார்ப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். லாகினுக்கான ஒருமுறைக் குறியீடுகளைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பில் பேக்கப் இல்லாமல் அழுத்தினால் உங்கள் கணக்குகளுக்குள் நீங்களே நுழைய முடியாது. வேலை ஆகாத கோபத்தில் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

டெலிகிராம் வைத்திருப்பவர்கள் அதன் செட்டிங்ஸிலேயே கேஷை அழிக்கலாம். சாதாரண சாட்களில் வந்தவை அவர்கள் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது மறுபடி இறங்கும்.

படி 4: இப்போது போட்டோ

கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், மேலே உங்கள் படத்தைத் தொட்டு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். பேக்கப் ஆனவை போனிலிருந்து மட்டும் நீங்கும். அதைவிட்டு, போட்டோவைத் தேர்ந்தெடுத்து குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினால் போன், கூகுள் கணக்கு இரண்டு இடத்திலும் போய்விடும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆல்பத்தையே தொலைத்தவர்கள் உண்டு.

இலவச இடம் 15 ஜிபிதான். ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-லிருந்து ஏற்றும் போட்டோக்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே விழுகிறது. நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும், அதனால் ஃப்ரீ அப் கொடுக்குமுன் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

படி 5: கிளீனர் ஆப் வேண்டாம்

இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. இப்போதைய ஆண்ட்ராய்டில் சாதாரண ஆப் ஒன்று உங்களைக் கேட்காமல் இன்னொரு ஆப்பின் கேஷைத் தொட முடியாது. அப்புறம் அந்த ராக்கெட் பறக்கும் படமும் 'பூஸ்ட்' என்ற பச்சை வட்டமும் எதற்கு? விளம்பரம் காட்டத்தான். ராம், அதாவது ஓடும் ஆப்கள் தங்கும் தற்காலிக நினைவகம், காலியாக இருப்பதும் ஒன்றும் பெருமையில்லை. பின்னணியில் நிற்கும் ஆப்பை மூடிவிட்டு உடனே திறந்தால் அது முதலிலிருந்து எழும்ப வேண்டும், பேட்டரிதான் வீண். போனோடு வந்த ஃபைல் மேனேஜர், இல்லாவிட்டால் கூகுளின் ஃபைல்ஸ் ஆப் போதும்.

படி 6: குப்பையைக் கொட்டுங்கள்

இத்தனை செய்தும் எண் அசையவில்லையா? அழித்ததெல்லாம் டிராஷில் கிடக்கிறது. கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆனதை 60 நாள், ஆகாததை 30 நாள் அங்கே வைத்திருக்கும். போனின் சொந்த கேலரியிலும் ஃபைல் மேனேஜரிலும் தனித்தனி டிராஷ் உண்டு. மூன்றையும் திறந்து காலி செய்யுங்கள்.

மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருப்பது என் வழக்கம். முட்ட முட்ட நிரம்பிய போனில் எழுதுவதற்குக் காலி இடம் தேடியே வேகம் குறையும், சிஸ்டம் அப்டேட்டும் இறங்காது.