திரட்டு என்பது சுருக்கம் அன்று

கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் அச்சுக்குப் போகுமுன் அவற்றைச் சரவை பார்த்து, பிழை திருத்திக் கொடுப்பது மட்டக்களப்பில் என் நெடுநாள் வேலை. அண்மையில் ஓர் இளைஞர் ‘நாட்டார் கவிச் சுருக்கம்’ என்று தலைப்பிட்ட கையெழுத்துப் படியைக் கொண்டுவந்தபோது, இளவயதில் நான் செய்த பிழை அப்படியே என் மேசைக்குத் திரும்பி வந்திருப்பதைக் கண்டேன். ஒற்றுப் பிழைகளை அவரவரே திருத்திக்கொள்ளலாம். அவற்றை விட்டு, திரட்டு, தொகை, தொகுதி, தொகுப்பு என்ற சொற்களை நூல்களுக்கு எப்படி வழங்குவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

திரட்டைச் சுருக்கமாக்குதல்

திரட்டிலும் சுருக்கம் உண்டு; ஆனால் அது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தெரிவில் இருக்கிறதேயன்றி, சேர்த்த பாட்டின் அடிகளை வெட்டுவதில் இல்லை. குறுந்தொகையில் ‘குறு’ என்பது நான்கு முதல் எட்டு அடிவரை அமைந்த பாடல்களின் அளவைக் குறிக்கிறது; நீண்ட பாடல்களைத் தறித்து யாரும் அதைத் தொகுக்கவில்லை. முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைக்காதபோதும் அதன் வெண்பாக்கள் பலவற்றை இன்று நாம் படிக்க முடிவது, புறத்திரட்டு என்னும் பழம்பாடல் திரட்டைத் தொகுத்தவர் தாம் தெரிந்தெடுத்தவற்றை முழுப்பாட்டாகவே வைத்ததனால்தான். கோலடித்து ஆடும் வசந்தன் ஆட்டத்தின் பாட்டுகளைச் சேர்த்து 1940இல் தி. சதாசிவ ஐயர் பதிப்பித்த நூலுக்கும் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்றே பெயர்.

இதையெல்லாம் அறியாத வயதில், கூத்துப் பழக்கும் ஆசானான ஓர் அண்ணாவியார் பாடித் தந்த வசந்தன் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த அடிகளை, கடதாசிச் செலவை எண்ணி, நான் நீக்கினேன். புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடத் தொடங்கியபோது, பாட்டு முடிந்த பிறகும் கோலடி மிச்சமிருந்தது. திருத்தலாம் என்று போனால் அண்ணாவியார் காலமாகியிருந்தார். ஒலிநாடாவிலோ யாரோ சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

தொகை

தனிச்சொல்லாகத் தலைப்பில் வேண்டாம். காசுக் கணக்கு என்றே எண்ணுவார்கள்.

தொகுதி

நூலின் பாகத்துக்கு மட்டும். ‘பட்டிருப்புத் தொகுதி’ என்று அட்டையில் போட்டால் இங்கே தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

தொகுப்பு

பலருடைய ஆக்கங்களுக்கும் ஒருவருடைய பல ஆக்கங்களுக்கும் பொருந்தும் பொதுச்சொல். ஆனால் ‘முழுத்தொகுப்பு’ என்று எழுதுமுன், விடுபட்டவை எவை என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரே பாட்டு மண்டூரில் ஒருவிதமாகவும் காரைதீவில் வேறுவிதமாகவும் பாடப்பட்டால் இரண்டையும் ஊர்ப்பெயருடன் கொடுங்கள். இரண்டையும் கலந்து மூன்றாவது ஒன்றை ஆக்காதீர்கள்.

இளைஞரின் தலைப்பில் ‘சுருக்கம்’ என்பதை வெட்டித் ‘திரட்டு’ என்று எழுதி, வெட்டிய அடிகளையும் ஒலிப்பதிவையும் கொண்டுவரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.