பழைய ஜிப்சி, ஜீப்புக்கு சஸ்பென்ஷன் வேலையா? காசு வீணாகும் இடங்கள் இவைதான்

பெங்களூரில் பழைய மாருதி ஜிப்சியோ மஹிந்திரா எம்எம் 540 ஜீப்போ வாங்கியவர்கள், வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறதென்று நேராக உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டுக்குப் போய் ஷாக் அப்சார்பர் விலை கேட்கிறார்கள். அங்கேயே முதல் தவறு ஆரம்பமாகிவிடுகிறது. ஷாக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறதென்று பாருங்கள். ஜிப்சியின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான், பங்கில் பையன் பழக்கதோஷத்தில் 35 அடித்து அனுப்பினால் எந்த ஷாக் போட்டாலும் முதுகு தப்பாது.

அடுத்தது பிளேட். இந்த இரண்டு வண்டிகளிலும் நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங்தான், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் அது ஸ்பிரிங். நடுவில் துருவும் சேறும் இறுகிவிட்டால் வெறும் இரும்புக் கட்டைதான். இதைப் பிரித்து, துருவைத் தேய்த்தெடுத்து, நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, கிராஃபைட் கிரீஸ் போட்டு மாட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? "ஒரு பிளேட்டை உருவிடுங்கண்ணே, சாஃப்ட்டா ஆயிடும்." ஆகும்தான், அப்புறம் மீதிப் பிளேட்டுகள் அந்தச் சுமையையும் சேர்த்து வாங்கி, வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) முறுக்கிக்கொண்டு, ஒருநாள் மெயின் பிளேட்டே உடையும். தொய்ந்துபோன ஸ்பிரிங்கைச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றுவதும் அப்படித்தான், சரியான ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாவிட்டால் சீக்கிரமே பழையபடி படுத்துவிடும். சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பாகங்கள் விற்கும் சந்தை) கதவுக் கைப்பிடி வாங்குங்கள், பிராக்கெட் வாங்குங்கள், ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் வேண்டாம். அது எத்தனை வருடம் என்ன சுமை தாங்கியது என்று விற்பவருக்கே தெரியாது.

புஷ், அதாவது ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் உருளை, அதன் விஷயத்தில் நடக்கும் தவறு அநியாயமானது, ஏனென்றால் நல்ல பாகம் வாங்கியும் கெடுத்துக்கொள்கிறோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கிவிடுவார்கள். இறக்கியதும் ஆக்சில் மேலே வரும், நடுவில் சிக்கிய ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்த நிலையிலேயே நாள் முழுக்க நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாக மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகு இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் மெக்கானிக் முறைப்பார், பரவாயில்லை. பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் அதற்கென்று உள்ள கிரீஸ் போடாவிட்டால் கீச்சிடும், ரப்பரை விட அதிர்வும் அதிகம். ஹம்ப் நிறைந்த ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்குத்தான். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டிப்பிடிக்கும் யூ போல்ட்டை மட்டும் பழையதையே திரும்ப மாட்டாதீர்கள், ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிட்டது அது. புதிதைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, உயரம் ஏற்றும் ஆசைக்கு வருவோம். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டால் மலிவு என்பார்கள். இரண்டு அங்குலம் கூடுதல் நீளம் போட்டால் வண்டி ஏறுவது ஒரு அங்குலம்தான், ஆனால் ஆக்சில் சாய்ந்து கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்க உதவும் சாய்வு) மாறி ஸ்டீயரிங் அலைபாயும். ஸ்பிரிங்கோ ஷாக்கிளோ, எதை வைத்து ஏற்றினாலும் கூடவே பிரேக் ஹோஸ் நீளம், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஷாக் அப்சார்பரின் நீளம், ஆக்சில் மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஹோஸ் விறைத்து நின்றால் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. பலர் மறப்பது, சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் லோடு சென்சிங் வால்வை. அது உள்ள வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்ததும் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும் அது. (மேலே கேரியரும் வைத்து அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் குழாயில் இடித்துக்கொண்டவர்கள் தனிக் கதை.)

முதல் தலைமுறை சஃபாரி, 2010-இல் வந்த தார் மாதிரி முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) உள்ள வண்டிகளில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும்பிவிடும். இலவச லிஃப்ட் என்று ஏமாறாதீர்கள். பாரின் விறைப்பு கூடுவதில்லை, சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த தூரம்தான் குறைகிறது, பள்ளத்தில் டக்கென்று தட்டும். 4x4 என்றால் முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் கோணலாகிக் கிழியும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ போய்த்தான் ஆக வேண்டும். அப்போது பழையபடி மாற்ற வேண்டி வரலாம், அதனால் கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங் செட் நன்றாக இருந்தால், காயலான் கடைக்குப் போட அவசரப்படாதீர்கள்.