பாலைவனத்துக்கு முன் பாலாற்றங்கரை: கேம்பர் வேனில் காற்றைச் சமாளிக்கும் ஒத்திகை

உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள கேம்பர் வேனில், ராஜஸ்தானில் தார் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சல்மேர் வரை போய் மணல்மேட்டருகே தங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஏசியைப் பற்றி, பிறகு ஃபிரிட்ஜைப் பற்றி. இரவில் தூக்கத்தைக் கெடுக்கப்போவது காற்று என்பது அங்கே போன பிறகுதான் தெரியவருகிறது. வேலூரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப்போய் அதைக் கற்றுக்கொள்வானேன்? பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டா பக்கம் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ திறந்த நிலம் இருந்தால் கேட்டுக்கொண்டு, ஆடி மாதத்தில் ஓர் இரவு அங்கே தங்கிப் பாருங்கள்.

முதல் படி: இடம்

பாலாற்றின் மணல்பரப்பு அகலமாக, காய்ந்து, பாலைவனம் போலவே ஆசை காட்டும். ஆற்றுக்குள் இறங்காதீர்கள். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியதை வேலூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கரைமேட்டில் நில்லுங்கள். தென்னை, பனை அடியில் வேண்டாம். காற்றில் காய்ந்த மட்டை கூரைமேல் விழும். கோடையில் பாறைக்குன்றை ஒட்டி நிறுத்துவதும் தவறு. பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை விடிய விடியக் கக்கும். தார் பாலைவனத்தில் இதற்குப் பதில் வேறொரு விதி: மணல்மேட்டின் செங்குத்தான பக்கத்தின் அடியில் நிற்காதீர்கள். காற்று தூக்கிவரும் மணல் கொட்டுமிடம் அதுதான்.

இரண்டாம் படி: வண்டியின் முகம்

எல்லாம் அடங்கியிருப்பது இதில்தான், அவசரப்படாதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். வேனின் பக்கச்சுவர் பரந்தது, முகப்பு குறுகியது. ஆகவே முகப்பைக் காற்றுக்குக் கொடுங்கள். ஆட்டம் வெகுவாகக் குறையும்.

ஒரு கைப்பிடி புழுதியைத் தூவிப் பாருங்கள். ஆடியில் இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். நம் ஊர் வேன்களுக்குத் தள்ளுகதவு இடப்பக்கம் இருக்கும். எனவே முகப்பை நேராகக் காற்றை நோக்கி வைத்துவிட்டு, அங்கிருந்து சற்றே இடப்பக்கம் திருப்புங்கள். காற்று வலது மூலையில் மோதும். கதவுப்பக்கம் மறைவு கிடைக்கும். நாற்காலி போடவும் அதுவே இடம். ஹேண்ட்பிரேக் போட்டு டயர்களுக்கு முட்டுக்கல் வையுங்கள். முன்கதவைத் திறக்கும்போது இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கீல் வளைந்தால் ஒர்க்‌ஷாப் செலவு சிறியதாக இருக்காது.

மூன்றாம் படி: பந்தல்

வண்டியோடு வரும் மடக்குப் பந்தல் நிழலுக்கானது, காற்றுக்கானது அல்ல. வெளியே போகும்போதும் தூங்கப்போகும்போதும் மடக்கிவிடுங்கள். கோடையிலும் ஆடியிலும் இங்கே மாலை இடிமழைக்கு முன் காற்று சட்டென்று அடங்கும். அடுத்த சில நிமிடங்களில் மேகம் இருக்கும் திசையிலிருந்து சூறையாக வரும். அந்த அமைதியை நம்பி டீ போட உட்காராதீர்கள். முதலில் பந்தலை மடக்குங்கள்.

தார்ப்பாய் கட்டுவதானால் மணலில் முளை நிற்காது. கோணிப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மிதியுங்கள். தட்டையான பட்டைக் கயிறு இரவெல்லாம் ரீங்கரித்தால் அதை ஓரிரு முறை முறுக்கிக் கட்டுங்கள், சத்தம் நின்றுவிடும்.

நான்காம் படி: மணலும் புழுதியும்

இரண்டும் வேறு. மணல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே துள்ளித் துள்ளி ஓடும். அடுப்பையும் தண்ணீர்க் குடத்தையும் இடுப்பு உயரத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. நுண்ணிய புழுதிதான் எங்கும் ஏறும். ஓடும்போது வண்டியின் பின்னால் காற்று சுழல்வதால், பின்கதவு இடுக்கு வழியாக அது உள்ளே வரும். அந்தக் கதவின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் பீடிங் கிழியாமல் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். சோலார் பலகையைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஐந்தாம் படி: வெப்பம்

காற்று உடலைவிட மிகச் சூடாக இருந்தால் விசிறி மட்டும் அதிக ஆறுதல் தராது. அப்போது உதவுவது ஈரம். குடியாத்தம் லுங்கி ஒன்றை நனைத்துக் காற்று வரும் ஜன்னலில் தொங்கவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சித்திரை வெயிலில் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி ஈரக்காற்றில் பயனில்லை. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். துணி நனைக்கத் தனி குடம்.

ஆறாம் படி: சமையல்

காற்றுக்குப் பயந்து அடைத்த வண்டிக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும். மறைவுப் பக்கம், கதவுக்கு வெளியே சமையுங்கள். முதல் ஒத்திகைக்கு ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் போதும் என்பது என் கட்சி.

ஜெய்சல்மேருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. மே, ஜூனில் அனல்காற்றும் புழுதிப்புயலும் உண்டு. குளிர்காலத்தில் அங்கே பகல் இதமாக இருந்தாலும் இரவில் நம் மார்கழியைவிடக் கடுமையாகக் குளிரும். லுங்கியோடு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் ஓட்ட டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கியிருந்தால், தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். பம்பை எல்லாப் பைகளுக்கும் அடியில் வைக்காதீர்கள்.